நடைபாதையில் சைக்கிள்: ஒரு பழைய வழக்கு

சைக்கிளில் செல்வோர் நடைபாதையின்மீது ஏறிச் செல்லலாமா, கூடாதா என்னும் வினா நம் நகரங்களில் அடிக்கடி எழுகிறது. பின்னாலிருந்து திடீரென மணியோசை கேட்டுத் திடுக்கிட்டு ஒதுங்கும் முதியவர், "இது நடப்பவர்க்கென்று விட்ட இடமல்லவா?" என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயமே. லாரியும் பேருந்தும் உராய்ந்து செல்லும் சாலையோரத்தில், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டு மிதித்து வரும் தொழிலாளி, "பின் நான் எங்கேதான் போவது?" என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமே. இரு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்கில் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவதைவிட, அதன் பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்ப்பது நலம். இவ்வழக்கு நம்மில் பலர் எண்ணுவதைக் காட்டிலும் மிகப் பழையது. பெடல் பூட்டிய சைக்கிள் பிறப்பதற்கு முன்னரே இது பிறந்துவிட்டது.

தென் ஜெர்மனியில் பேடன் என்னும் சிற்றரசில் வனத்துறை அதிகாரியாக இருந்த கார்ல் வான் டிரைஸ் என்பவர், 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், மான்ஹைம் நகரிலிருந்து தாம் செய்த மரவண்டியொன்றில் புறப்பட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரு சக்கரங்கள். நடுவே அமர்வதற்கு ஓர் இருக்கை. முன்சக்கரத்தைத் திருப்புவதற்கு ஒரு பிடி. பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. அமர்ந்தவர் தம் கால்களாலேயே தரையை உந்தி உந்திச் செல்லவேண்டும். ஆயினும், போகவும் வரவுமாக ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரத்தை அவர் ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார். 1815-இல் கீழ்த்திசைத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்ததும், அதன் சாம்பல் மூட்டத்தால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போய்ப் பயிர்கள் பொய்த்ததும், குதிரைகளுக்குத் தீனி கிடைக்காமல் அவை மடிந்ததுமே குதிரையில்லா வண்டியைப் பற்றி டிரைஸ் சிந்திக்கக் காரணமாயின என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுவர்.

காரணம் எதுவாயினும், வண்டி பிறந்த உடனேயே அதனோடு தொல்லையும் பிறந்தது. குதிரை வண்டிகளின் இரும்புப் பட்டைகள் அந்நாளைய சாலைகளை ஆழமாக உழுது வைத்திருந்தன. அந்தத் தடங்களில் இரு சக்கரத்தின்மேல் நிலைகுலையாமல் செல்லுதல் அரிது. ஆகவே, புது வண்டிக்காரர்கள் சமமாகத் தளமிட்ட நடைபாதையை நாடினார்கள். நடப்பவர்கள் அலறினார்கள், அதிகாரிகள் தடை விதித்தார்கள். மான்ஹைமில் தொடங்கிய தடை மிலான், லண்டன், நியூயார்க் நகரங்களுக்கும் பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகராக விளங்கிய நம் கல்கத்தாவிலும் அத்தகைய தடை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்வண்டி வீதிகளிலிருந்து மறைந்தே போயிற்று.

இங்கு ஒன்றை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். அவர்கள் நடைபாதையில் ஏறியது நடப்பவரைத் துன்புறுத்தும் நோக்கத்தால் அன்று. சாலை அவர்களைத் தாங்கவில்லை, ஆகவே ஏறினார்கள். தடை செய்தவர்களோ நடைபாதையைக் காத்தார்களேயன்றிச் சாலையைச் செப்பனிடவில்லை. இவ்வழக்கின் பின்வரலாறு முழுவதிலும் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். 1835-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்டு நெடுஞ்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 72-ஆம் பிரிவு, நடப்பவர்க்கென ஒதுக்கிய பாதையில் எவரும் வேண்டுமென்றே சவாரி செய்யலாகாது என்றும், குதிரை, கழுதை, ஆடு, கோவேறு கழுதை, பன்றி, மாடு ஆகியவற்றையோ எவ்வகை வண்டியையோ அதன்மீது ஓட்டலாகாது என்றும் விதித்தது. அப்பட்டியலில் சைக்கிள் இல்லை, இருக்கவும் இயலாது. பெடல் பூட்டிய வண்டி பாரிஸ் நகரில் 1860-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆயினும் கழுதையையும் பன்றியையும் எண்ணி எழுதிய அப்பிரிவுதான் இன்றளவும் இங்கிலாந்தில் சைக்கிளை நடைபாதையிலிருந்து விலக்கி வைக்கும் சட்டமாக இருக்கிறது.

சைக்கிள் அச்சட்டத்தின் வலைக்குள் வந்த கதையும் சுவையானது. 1870-களில் முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாண் உயரமுமான வண்டிகள் பெருகின. அவை 'வண்டி' என்னும் சொல்லுக்குள் அடங்குமா என்ற ஐயம் நீதிமன்றத்தின்முன் வந்தது. கண்மூடித்தனமாக வேகத்தில் ஓட்டிய குற்றம் பற்றிய ஒரு வழக்கில், சைக்கிளும் வண்டியே என 1879-இல் நீதிபதிகள் முடிவு கூறினர். 1888-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதனை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்தது. இரவில் விளக்கு ஏற்றவேண்டும், பிறரைக் கடக்கும்போது மணியடித்து எச்சரிக்கவேண்டும் என்ற கடமைகளும் உடன் வந்தன.

இத்தீர்ப்பு இருபுறமும் கூர்மையுடைய வாள் போன்றது. வண்டி ஆகிவிட்டமையால் சைக்கிள் நடைபாதையில் ஏறும் உரிமையை இழந்தது. ஆனால் அதே காரணத்தால், நடுச்சாலையில் கோமான்களின் சாரட்டுக்குச் சமமாகச் செல்லும் உரிமையைப் பெற்றது. 1878-இல் தோன்றியிருந்த சைக்கிள் பயணிகள் சங்கத்தார் இந்த உரிமையைப் பொன்போலப் போற்றினர். சாலையே தங்கள் இடம் என்றானபின், அச்சாலையைத் திருத்தவேண்டும் எனக் கிளர்ச்சி செய்ய 1886-இல் சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றும் அமைத்தனர். மோட்டார் ஓட்டுபவர்கள் பின்னாளில் அனுபவித்த நல்ல சாலைகளுக்கு முதற்குரல் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்களே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வேறு சில நாடுகளில் மூன்றாவது வழியொன்று தேடப்பட்டது. நெதர்லாந்தில் ஊட்ரெக்ட் நகரின் மாலிபான் வீதியில் 1885-இல் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை ஒதுக்கினர். அமெரிக்காவில் புரூக்ளினிலிருந்து கோனித் தீவுக்குச் செல்லும் பெருவீதியில் 1894-இல் அத்தகைய பாதை திறக்கப்பட்டது. நடப்பவர்க்கும் தொல்லையில்லை, வண்டிகளாலும் அச்சமில்லை. நம் வழக்குக்குச் சரியான விடை அன்றே கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவ்விடையை எல்லோரும் ஏற்கவில்லை.

மோட்டார் யுகம் வந்தது. இங்கிலாந்தில் 1934 டிசம்பரில், லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ சாலையில், இரண்டரை மைல் நீளத்துக்குச் சைக்கிள் பாதையொன்றைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா திறந்துவைத்தார். அதனை வரவேற்றிருக்க வேண்டிய சைக்கிள் சங்கத்தார் எதிர்த்தனர். இன்று ஓரத்தில் ஒரு பாதை தருவார்கள். நாளை அதைக் காட்டியே சாலையை விட்டு நம்மை வெளியேற்றுவார்கள் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை வீண் என்று ஒதுக்க இயலாது. பாதிவழியில் முடிந்துபோகும் குறுகிய பாதைகள் எத்தனையோ பின்னாளில் போடப்பட்டன. எனினும், தனிப்பாதையை விடாப்பிடியாக வேண்டிப் பெற்ற டச்சுக்காரர்களும் டேனியர்களும் இன்று அடைந்துள்ள பாதுகாப்பை ஆங்கிலேயர் அடையவில்லை என்பதும் கண்கூடு.

நடைபாதையைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு அனுபவத்தால் விடை சொல்லும் நாடு ஜப்பான். 1960-களில் அந்நாட்டில் மோட்டார் வண்டிகள் வெள்ளமெனப் பெருகின. விபத்துகளின் கொடுமையை 'போக்குவரத்துப் போர்' என்றே மக்கள் வழங்கினர். 1970-ஆம் ஆண்டில் மட்டும் 16,765 பேர் சாலைகளில் மாண்டனர். அவ்வாண்டிலேயே அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, குறித்த நடைபாதைகளில் சைக்கிள் செல்ல இசைவு அளித்தது. 1978-இல் அவ்வேற்பாடு மேலும் விரிவாக வகுக்கப்பட்டது. சைக்கிள்காரர் மெதுவாகச் செல்லவேண்டும், சாலையை ஒட்டிய பக்கத்திலேயே செல்லவேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சல் நேருமாயின் நின்றுவிடவேண்டும் என்று விதிகள் கூறின.

ஆபத்துக் காலத்தில் தற்காலிக உபாயமாகத் தொடங்கிய இது நாளடைவில் நிலையான வழக்கமாகிவிட்டது. குழந்தைகளை முன்னும் பின்னும் அமர்த்திக்கொண்டு தாய்மார்கள் நடைபாதையிலேயே சென்றனர். பள்ளி மாணவரும் அலுவலகத்தாரும் அவ்வாறே சென்றனர். சைக்கிள் நடைபாதைக்கு உரியது என்றே ஒரு தலைமுறை எண்ணி வளர்ந்தது. சாலையில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கும் கவலை நகரமைப்பாளர்களுக்கு இல்லாமற் போயிற்று. மெதுவாகச் செல்க என்ற விதியோ ஏட்டளவில் நின்றது. நடப்பவர்களின் முறையீடுகள் பெருகவே, 2008-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குறியிடாத நடைபாதைகளில் 13 வயதுக்கு உட்பட்ட சிறுவர், 70 வயது நிறைந்த முதியோர் போன்றோர் செல்லலாம் என்றும், சாலையின் நிலைமையால் வேறு வழியில்லாதபோது பிறரும் செல்லலாம் என்றும் எல்லை வகுத்தது. 2011-இல் தேசியப் போலீஸ் தலைமையகம், சைக்கிள் ஒரு வண்டி. அதன் இடம் சாலையே என்பதை நிலைநாட்டுமாறு சுற்றறிக்கை விடுத்தது. 2024-இல் இயற்றிய திருத்தத்தின்படி, 16 வயதும் அதற்கு மேலும் ஆன சைக்கிள்காரரின் விதிமீறல்களுக்கு 2026 ஏப்ரல் முதல் உடனடி அபராதம் விதிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. ஒருமுறை திறந்துவிட்ட கதவைச் சாத்துவதற்கு அரை நூற்றாண்டு முயற்சி தேவைப்பட்டது என்பதே ஜப்பான் கற்ற பாடம்.

அதற்காகத் தண்டனை ஒன்றே மருந்து என்று கொள்வதும் தவறு. இங்கிலாந்தில் 1999-இல், நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு அவ்விடத்திலேயே அபராதம் விதிக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. அப்போதே உள்துறை அமைச்சர்களுள் ஒருவரான பால் போட்டெங், போக்குவரத்துக்கு அஞ்சி, பிறர்க்கு இடையூறு செய்யாமல் ஒதுங்கிச் செல்வோர்மீது இவ்வதிகாரம் பாயலாகாது என்று விளக்கம் அளித்தார். 2014-இல் வேறொரு கட்சியின் ஆட்சியிலும் அவ்விளக்கம் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஜெர்மனியில் எட்டு வயது நிறையாத குழந்தைகள், தனியே பிரித்தமைத்த சைக்கிள் பாதை இல்லாதவிடத்து, நடைபாதையிலேயே ஓட்டவேண்டும் என்பது விதி. பத்து வயது நிறையும்வரை ஓட்டலாம். 2016-இன் இறுதியிலிருந்து, எட்டு வயது நிறையாத குழந்தையைக் கண்காணிப்பவர் ஒருவரும் உடன் ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு. அச்சட்டம் யாரிடமிருந்து ஆபத்து, யாருக்கு ஆபத்து என்று பார்த்தே எல்லை கோலியிருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்கு முன் இங்கு ஓடிய சைக்கிள்களுள் பெரும்பாலானவை இறக்குமதியானவை. விடுதலைக்குப் பின் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும், வங்காளத்து ஆசன்சோலிலும், சோனிபட்டிலும், லூதியானாவிலும் சைக்கிள் ஆலைகள் எழுந்தன. குமாஸ்தாவும் தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் சைக்கிளை ஊர்தியாகக் கொண்டனர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, நம் நாட்டுக் குடும்பங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது.

இவர்களுக்கு வழி வகுப்பதில் நம் பொறியியலாளர்கள் அறியாமையில் இருந்தார்கள் என்று சொல்ல இயலாது. இந்தியச் சாலைப் பேரவை 1962-ஆம் ஆண்டிலேயே சைக்கிள் பாதைகளுக்கென ஒரு நெறிமுறை வெளியிட்டது. நெரிசல் வேளையில் மணிக்கு 100 முதல் 200 வரை மோட்டார் வண்டிகள் செல்லும் சாலையில் 400 சைக்கிள்கள் சென்றால் தனிப்பாதை வேண்டும். மோட்டார் வண்டிகள் 200-க்கு மேற்பட்டால் 100 சைக்கிள்களே சென்றாலும் தனிப்பாதை வேண்டும் என்று அது கூறியது. இக்கணக்கை இன்று நம் நகரங்களின் எந்தப் பெருஞ்சாலையில் வைத்துப் பார்த்தாலும், மோட்டார் வண்டிகளின் எண்ணிக்கை அவ்வெல்லையை எத்தனையோ மடங்கு கடந்திருக்கக் காண்போம். ஆயினும் தனிப்பாதை உள்ள சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போட்ட பாதைகளும் நிலைக்கவில்லை. டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குப் பேருந்துத் தடமும் அதனுடன் சைக்கிள் பாதையும் அமைத்தனர். சைக்கிள் பாதைக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. கார் வைத்திருப்போர் இடம் குறுகிவிட்டதென முழங்கினர். 2016-இல் அத்தடமே பிரித்தெறியப்பட்டது. கல்கத்தாவின் கதை இன்னும் வியப்புக்குரியது. இரு நூற்றாண்டுகளுக்குமுன் டிரைஸின் வண்டியைத் தடை செய்த அந்நகரில், 2008-இல் 38 சாலைகளிலும், 2013-இல் 174 சாலைகளிலும் சைக்கிள் செல்வது தடை செய்யப்பட்டது. எண்ணிக்கை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அன்று நடைபாதையிலிருந்து சாலைக்கு விரட்டப்பட்டவர் இப்போது சாலையிலிருந்தும் விரட்டப்பட்டார். அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அத்தடைகளில் விடை இல்லை.

நடப்பவரின் நிலை இதனினும் நன்றாக இருக்கிறதா? 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். குடியிருப்புப் பகுதியில் நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்று சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்லுகிறது. நம் தெருக்களிலோ மின்மாற்றியும் குப்பைத் தொட்டியும் நிறுத்திவைத்த வண்டிகளும் போக எஞ்சியது எவ்வளவு என்பதை நேயர்கள் தத்தம் தெருவில் அளந்து பார்க்கலாம். நடைபாதையில் இடையூறின்றி நடப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் எடுத்துரைத்துள்ளது. அத்தகைய உரிமையின்மீது மற்றொரு வண்டியை ஏற்றுவது எளிதாகச் செய்துவிடத் தக்கதன்று.

இருதரப்பு வாதங்களையும் இனி நிறுத்துப் பார்ப்போம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார், சைக்கிள்காரர் 15. மோட்டார் வண்டி 50. நடப்பவருக்குச் சைக்கிள் மும்மடங்கு வேகமுடையது. சைக்கிளுக்கு மோட்டார் அதனினும் மிகுந்த மடங்கு வேகமுடையது. சைக்கிள்காரர் சாலையில் அடையும் அச்சத்தையே நடைபாதையில் முதியவருக்கு அளிக்கிறார். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மணியோசையும் ஒளியும் முழுக் காவல் ஆகா. எனினும் மோதலின் விளைவில் பெருத்த வேறுபாடு உண்டு. சைக்கிள் மோதினால் எலும்பு முறியலாம், சிற்சில வேளைகளில் உயிரும் போகலாம். லாரி மோதினால் உயிர் பிழைப்பதே அரிது. ஆகவே, சைக்கிள்காரரின் அச்சம் மிகையானது என்று எவரும் சொல்லலாகாது.

ஆனால் நடைபாதை சைக்கிள்காரருக்கும் அவர் நினைக்கும் அளவு பாதுகாப்பானது அன்று. வீட்டு வாயில்களிலிருந்து பின்னோக்கி வரும் கார்கள் நடப்பவரின் வேகத்தை எதிர்பார்த்தே வருகின்றன. தெருமுனையில் நடைபாதை முடியுமிடத்தில், திரும்பும் வண்டிக்காரரின் கண்ணுக்குப் புலப்படாமல் சைக்கிள் திடீரெனச் சாலைக்குள் இறங்குகிறது. சாலையில் ஓரளவு கண்ணுக்குத் தெரிந்து சென்றவர், இங்கு மறைவிலிருந்து வெளிப்படுகிறார். அச்சம் தணிகிறதேயன்றி ஆபத்து அந்த அளவுக்குத் தணிவதில்லை.

எனவே நம் முடிவு இது. வளர்ந்தவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமையைப் பொதுவிதியாக அளிக்கலாகாது. இறங்கித் தள்ளிச் செல்பவர் நடப்பவரே ஆதலின் அவரைத் தடுக்கவேண்டுவதில்லை. சிறு குழந்தைகளுக்கு ஜெர்மனியைப் போல் இசைவு தரலாம். பாலங்கள் போன்ற மிகக் குறுகிய இடங்களில் வேறு வழியே இல்லையாயின், குறியிட்டு, நடை வேகத்துக்கு உட்பட்டுச் செல்லவிடலாம். சாலையில் பாதுகாப்பான இடம் ஒன்றும் தராத நகராட்சி, அச்சத்தால் ஒதுங்கிய தொழிலாளியிடம் அபராதம் வாங்குவது நீதியாகாது. அவர் தவறு செய்திருக்கலாம். அத்தவறுக்குள் அவரைத் தள்ளியவர் வேறு.

இரு நூற்றாண்டு வழக்கின் சாரத்தைக் கூறுவதாயின், இதில் வாதியும் பிரதிவாதியும் எளியவர்கள். வழியின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்ட மூன்றாமவர் கூண்டில் ஏறவே இல்லை. எஞ்சிய ஓரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு மற்ற இருவரையும் மோதவிட்டு நாம் தீர்ப்புத் தேடிக்கொண்டிருக்கிறோம். நடப்பவரின் பாதையைக் குறைக்காமல், விரைந்து செல்வோரின் அகன்ற சாலையிலிருந்து இரண்டு மீட்டர் அகலம் எடுத்துச் சைக்கிளுக்கு அளித்தால், நடைபாதையில் ஏறலாமா என்ற வினாவில் பெரும்பகுதி தானே மறைந்துவிடும். அதற்கு வேண்டிய அளவுகளை நம் பொறியியலாளர்கள் 1962-லேயே எழுதித் தந்துவிட்டார்கள். நகராட்சிகள் செயற்படுத்துவதே எஞ்சியுள்ளது. அதனை அவற்றிடம் வற்புறுத்திக் கேட்பது, நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதை விட்டுச் சேர்ந்து செய்யவேண்டிய காரியமாகும்.